பிறந்தவுடன் சாகும் சாவி

மகனே,

அன்றைக்குக் கலியபெருமாள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா தனம். அவள் வீட்டுக்காரர் குமார். காது குத்திக்கொள்ள வந்த அவர்கள் குழந்தை யாழினி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பட்டுப்புடவை சரசரக்க வந்து இறங்கிய தனத்தின் மாமியார் ராஜாமணி. கம்பியும் ஊசியுமாக வந்த ஆசாரி. வீட்டுக்காரன், என் கூடப்பிறந்த தம்பி, உன் தாய்மாமன் கலியபெருமாள். அவன் பெண்சாதி அஞ்சலை. அவர்களுடைய ஒரே மகள் சரண்யா. பிறகு நான். நீ அங்கே இல்லை. சிதம்பரத்தில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அன்று நடந்ததை உனக்குச் சொன்னவன் அங்கே இருந்தவன்தான், அதை நான் மறுக்கவில்லை. இருந்தவன் சொல்வதெல்லாம் நடந்ததாகிவிடாது. அதனால்தான் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்.

போன வெள்ளிக்கிழமை, உன் லீவு நாளில், மஸ்கட்டிலிருந்து பேசினாய். கல்யாணப் பேச்சை எடுத்ததும் உன் குரல் மாறிப்போனது. “சரண்யா வேணாம்மா. என் மெயில திருட்டுத்தனமா தொறக்கப் பாத்தவ அவ. மாமாவே அழுது ஒத்துக்கிட்டாரு. என்ன வெளிநாடு போவ வுடக்கூடாதுன்னு ஆசையில பண்ணிட்டாளாம். ஆசையாம்.” நான் போனை வைத்துவிட்டுக் காகிதம் எடுத்தேன். போனில் பேசினால் பாதியில் நீ “சரி வுடும்மா” என்பாய், நானும் விட்டுவிடுவேன். எழுதினால் திரும்பவும் எடுத்துப் படிப்பாய். மூன்றாவது வரைக்கும் படித்த கை, எழுத்து அலையில் கிடக்கும் கட்டுமரம் போல ஆடுகிறது. “நீ சொல்லு, நான் அடிச்சு மெயில்ல அனுப்பறேன்” என்றாள் தனம். வேண்டாம் என்றேன். இவ்வளவு அசிங்கமாக வேறு யாராலும் எழுத முடியாது, பார்த்தவுடன் இது அம்மாதான் என்று உனக்குத் தெரியும். உன் பெயரில் வேறு ஆள் எழுதிய கடிதம் என்ன செய்யும் என்பதை நம் வீடு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

அது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நீ டிப்ளமோ முடித்த வருஷம் துபாயில் ஒரு கம்பெனி வேலை தருவதாக உனக்கு மெயில் அனுப்பியது. உங்கப்பா இல்லாத வீட்டில் மாமாதானே பெரிய மனுஷன், முதல் சேதியை அவனுக்குத்தான் சொன்னாய். “மாப்ள, ஜமாய்ச்சிட்ட” என்று தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தான். அந்த ஜிலேபியின் எண்ணெய் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. நீ சம்மதம் எழுதுவதற்காக பிரௌசிங் சென்டரில் போய் மெயிலைத் திறந்தபோது, நீ எழுதாத பதில் ஒன்று உன் பெயரில் ஏற்கெனவே போயிருந்தது. எனக்கு இந்த வேலையில் விருப்பம் இல்லை, நன்றி என்று. அது நான் எழுதியதில்லை என்று நீ திரும்பத் திரும்ப எழுதினாய். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஒருவன் போய்விட்டான். நீ வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாயே, முதுகை மட்டும்தான் எனக்குக் காட்டினாய். அந்த முதுகை நான் மறக்கவில்லை.

எப்படித் திறந்தார்கள் என்று நீ மண்டையை உடைத்துக்கொண்டாய். ரூமில் கூடத் தங்கியிருந்த பையனைச் சந்தேகப்பட்டாய். உன் பாஸ்வேர்டு என்ன என்று நான் கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னாய். படகின் பெயரும் நம்பரும். நமக்கும் பங்கு உள்ள மாமாவின் படகு. கரையில் உன் வயசுப் பையன்கள் எல்லாம் அப்படித்தான் வைத்திருந்தார்கள், அவனவன் வீட்டுப் படகை. உள்ளூரில் எல்லாருக்கும் பெருமை அதுதானே. ஆனால் அந்தப் பெயரும் நம்பரும் படகின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பெயிண்டில் எழுதி வெயிலில் நிற்கிறது. காக்காய்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கும். அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? பழைய படகை எடுத்துவிட்டு, மாமா புதிதாக வாங்கின படகின் பெயரை வைத்தாய். பூட்டை மாற்றினேன் என்று என்னிடம் பெருமையாக வேறு சொன்னாய்.

பட்டப்படிப்புக்குச் சிதம்பரம் போன பிறகு உன் சிநேகிதன் ஒருவன் இரண்டாவது பூட்டைப் பற்றிச் சொன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். எனக்கு உடனே புரிந்துவிட்டது, உனக்குத்தான் ஆச்சரியம். நம் ஊர் அம்மன் நகைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு இல்லையா? ஒரு சாவி ஊர்த்தலைவரான நாட்டார் வீட்டில், இன்னொன்று பூசாரி வீட்டில். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால்தான் அம்மன் கழுத்துக்கு நகை வரும். “அதேதாம்மா. பாஸ்வேர்டு ஒரு சாவி. அதப் போட்டா இன்னொரு சாவி ஒன் போனுக்கு வரும். ரெண்டும் சேந்தாத்தான் தொறக்கும்” என்றாய். என் போனுக்கு எதற்கு என்றேன். “என் சிம்மு மாசத்துக்கு ஒண்ணு மாறுது. ஒன் நம்பரு மாறாது. நீயும் மாற மாட்ட.” அதை நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. “நான் போன் பண்ணிக் கேட்டா மட்டும் சொல்லு. நான் கேக்காம நம்பரு வந்துச்சுன்னா வேற எவனோ கதவத் தட்டறான்னு அர்த்தம். கலெக்டரே வந்து கேட்டாலும் சொல்லாத” என்றாய்.

அதற்கப்புறம் என் வாழ்க்கையில் ஒரு அதிசயம் புகுந்துகொண்டது. அம்மன் பெட்டிச் சாவி இரும்பு. சோப்பில் அழுத்தி அச்சு எடுத்தால் இன்னொன்று செய்துவிடலாம். உன் சாவியைப் போல ஒன்றை நான் கேட்டதும் இல்லை, கண்டதும் இல்லை. தட்டினால் பிறக்கிறது. ஒரு தடவை திறந்ததும் செத்துப்போகிறது. நேற்று வந்தது இன்றைக்கு ஆகாது. திருடினவன் கையில் பிணம்தான் இருக்கும். நீ சிதம்பரத்தில் கதவைத் தட்டுகிறாய், வெற்றிலைக்கும் சுண்ணாம்பு டப்பிக்கும் நடுவில் கிடக்கிற என் போன் கடலூரில் ‘டிங்’ என்கிறது. நடுவில் வெள்ளாறு இருக்கிறது, பரவனாறு இருக்கிறது, பஸ்ஸில், வயலில், கடையில் எத்தனையோ ஆயிரம் பேர் இடுப்பில் எத்தனையோ ஆயிரம் போன். அத்தனை பேரையும் விட்டுவிட்டு, யாரிடமும் வழி கேட்காமல், என் சுருக்குப் பைக்குள் வந்து இறங்குகிறதே, அதற்கு யார் அடையாளம் சொல்லி அனுப்பியது? நீ கூப்பிடுவதற்கு முன்னால் சில சமயம் அந்த ஆறு எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த நிமிஷத்தில் உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இது என்று நினைத்தால் மயிர்க்கூச்செறியும். கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரி. மீன் ஏலத்தில் கூவிக் கூவி வாழ்ந்தவள் நான், ஒரு தடவை கண்ணில் பட்ட எண் என்னைவிட்டுப் போகாது. உன் செத்த சாவிகள் எல்லாம் என் தலைக்குள் கிடக்கின்றன. யாருக்கும் பிரயோஜனம் இல்லாத எண்கள். ஆனாலும் யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

இனி காதுகுத்துக்கு வருகிறேன். நம்மில் காது குத்தக் கம்பி மட்டும் போதாது, தாய்மாமன் மடியும் வேண்டும். யாழினிக்குத் தாய்மாமன் நீ. பரீட்சையால் நீ வர முடியாமல் போனதால் உன் இடத்தில் உட்கார்ந்து மடி கொடுத்தவன் கலியபெருமாள். உன் இடத்தில் தான் உட்காரலாம் என்று அன்றைக்கு அவனுக்கு இரண்டு தடவை தோன்றியிருக்கிறது. மஸ்கட் கம்பெனியின் மெயில் வந்திருந்ததை நீ மறுபடியும் முதலில் அவனுக்குத்தான் சொல்லியிருந்தாய், பரீட்சை முடித்துவிட்டுப் பதில் எழுதப் போவதாக. அவனுக்கு ஆண் பிள்ளை இல்லை. நீ கரையிலேயே இருக்க வேண்டும், சரண்யாவைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக அவன் படகுகளைப் பார்க்க வேண்டும். இது அவன் ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. வாயைத் திறந்து உன்னிடம் கேட்டிருக்கலாம்.

குழந்தை அழுது ஓய்ந்து, ஆசாரி தட்சிணை வாங்கிக்கொண்டு போய், எல்லாரும் இலையில் உட்கார்ந்தோம். நான் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். இடுப்பில் ‘டிங்’. நீதான் என்று சந்தோஷமாக எடுத்தேன். ஆறு எண்கள். உன் போனுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வராது என்று பிறகுதான் உறைத்தது. நீ பரீட்சை ஹாலில் இருக்கிறாய், போனை வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று நீதானே சொன்னாய். அப்படியானால் உன் கதவைத் தட்டுவது யார்? நிமிர்ந்து பார்த்தேன். தனம் இருக்கிறாள். மாப்பிள்ளை அப்பளத்தை நொறுக்குகிறார். ராஜாமணி இருக்கிறாள். அஞ்சலை பரிமாறுகிறாள். சரண்யாவுக்குப் போட்ட இலை காலியாகக் கிடக்கிறது. கலியபெருமாள் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறையின் திரைக்குப் பக்கத்தில் நிற்கிறான். தாலாட்டுகிறானாம். குழந்தை தூங்கி வெகுநேரம் ஆகிவிட்டது.

மறுபடியும் ‘டிங்’. ராஜாமணி இலையிலிருந்து தலையைத் தூக்கினாள். “இன்னா சம்மந்தி, மந்திரி கிந்திரி போன் போடறாரா ஒங்களுக்கு?”

“மந்திரி இல்ல சம்மந்தி. என் மவன் வூட்டுக் கதவ எவனோ தட்டறானாம். சேதி சொல்லுது” என்றேன், கொஞ்சம் உரக்கவே. நான் சொன்னது அங்கே யாருக்கும் புரியவில்லை, ஒருவனுக்குத் தவிர. அவன் குழந்தையை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு என் இலை முன்னால் வந்து குந்தினான்.

“போனுக்கு மெசேஜ் வருதாக்கா? கம்பெனிக்காரன் அனுப்பறது. அழுத்திட்டீன்னா காசு புடிச்சிடுவான். குடு, நான் பாத்து அழிச்சிடறேன்.”

“புடிச்சா புடிக்கட்டும். இன்னிக்கித்தான் புதுசா என் காசு மேல ஒனக்கு அக்கற.”

“குடுக்கா.”

“கையெல்லாம் கொழம்பு. நீ மொதல்ல சாப்புடு.” சுருக்குப் பையை மடிக்குக் கீழே தள்ளி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே அது மூன்றாவது தடவையும் அடித்தது. நான் எழுந்து, இடக் கையால் போனை எடுத்து எண்ணைப் பார்த்துக்கொண்டு, கை கழுவப் போகிறவள் மாதிரி போய், திரையை விலக்கினேன்.

சரண்யா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை இரண்டும் மடியில். கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம், எண் கேட்டுக்கொண்டு காலியாக நின்றது. முகமெல்லாம் வேர்த்து, பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. அவளைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், மகனே, நீ இப்போது என்ன நினைக்கிறாயோ அதையேதான் நானும் நினைத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். மெதுவான குரலில், பாதி அழுகையாக, பாதி கோபமாக.

“ஏன் அத்தை இவ்ளோ நேரம்? மூணு தடவ கூப்புட்டேன்.”

“எங்கடி கூப்புட்ட?”

“ஒங்க போனுக்கு வந்துச்சுல்ல, அது நாந்தான். அப்பா பாஸ்வேர்டச் சொல்லி ஒக்கார வெச்சாரு. புதுப் படகு பேராம். மாட்டேன்னு சொன்னா நாளைக்கி வேற ஆளப் புடிச்சுப் பண்ணுவாரு, யாருக்கும் தெரியாது. மொத தடவயும் அப்பிடித்தான், பிரௌசிங் சென்டர்ல எவனையோ அடிக்கச் சொன்னாராம், இன்னிக்கித்தான் அவரு வாயால கேட்டேன். நான் அழுத்துனா ஒங்க இடுப்புல மணி அடிக்கும்னு எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தப்ப இதே கம்ப்யூட்டர்ல ஒக்காந்துதானே ஒங்களுக்குப் போன் பண்ணி நம்பர் கேட்டாரு ஒங்க மவன். அதான் அழுத்திக்கினே இருந்தேன். நீங்க சாப்பாட்ட வுட்டு எழுந்தே வரல.”

அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உன் சாவி வந்து என் பையில் விழுவதுதான் பெரிய அதிசயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். திருடச் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்து, திருடச் சொன்னவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சாவியைக் கோயில் மணி போல இழுத்து இழுத்து அடித்து என்னைக் கூப்பிட ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறதே. வெளியே நின்றவனுக்கு அவள் திறக்கப் பார்ப்பதாகத் தெரிகிறது. எனக்கு அவள் காவல் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டுக்கும் அழுத்துகிற பட்டன் ஒன்றுதான்.

கலியபெருமாள் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். “இன்னா பேச்சு ரெண்டு பேருக்கும்?”

“இது தொறக்காதுப்பா” என்றாள் சரண்யா. “இன்னொரு சாவி அத்தகிட்ட இருக்கு.”

“அத்தகிட்டக் கேளு.”

“நீங்களே கேளுங்க.”

அவன் உடனே கேட்கவில்லை. வந்து என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, நல்லா ரோசன பண்ணு. அவன் அங்க போயிட்டா ஒன்ன யாரு பாப்பா? ஒரு காச்ச தலவலின்னா யாரு வருவா? தனம் கட்டிக்குடுத்துப் போனவ. ஒனக்காகவும்தான் சொல்றேன். நம்பரச் சொல்லு.”

பொய் சொல்லமாட்டேன், அந்தக் கேள்வி எனக்குள்ளே இறங்கியது. நீ போனால் இந்த வீட்டில் ரேடியோவும் நானும்தான். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவதாக வந்த எண் தலைக்குள் பளிச்சென்று நிற்கிறது. ஆறே எண்கள். சொல்லிவிட்டால் நீ ஊரிலேயே இருப்பாய், உன் பிள்ளைகள் என் கண் முன்னால் வளரும். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். கையை உருவிக்கொண்டேன்.

“அது செத்துப்போச்சு கலியா” என்றேன்.

“எது?”

“நீ கேக்கற நம்பரு. அது ஜாஸ்தி நேரம் உசுரோட இருக்காது.”

அவன் ஒன்றும் விளங்காமல் மகளைப் பார்த்தான். அவள் கம்ப்யூட்டரை அணைத்தாள். அவன் வெளியே போன பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாவ ஊர் முன்னாடி நிக்க வெக்காதீங்க அத்தை. ஒங்க மவன்கிட்டயும் சொல்லாதீங்க. பாஸ்வேர்ட மட்டும் மாத்தச் சொல்லுங்க. படகு பேரு, ஆளுங்க பேரு எதுவும் வேணாம். ஊர்ல யாருமே வாய்ல எடுக்காத வார்த்தயா வெக்கச் சொல்லுங்க.” சாயங்காலம் நீ பரீட்சை முடித்துக் கூப்பிட்டபோது நான் அவசரமாக மாற்று என்றேனே, ராத்திரி ஏதாவது கனாக் கண்டாயா என்று சிரித்தாயே, அது அவள் சொல்லி அனுப்பியது. அந்த வேலை கெடாமல் உனக்குக் கிடைத்து நீ மஸ்கட்டில் கால் வைத்ததும் அவளால்தான். யார் தட்டியது என்று நீ கேட்டபோதெல்லாம் தெரியாது என்றேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. அன்று என் இடுப்பில் போன் அடித்துக்கொண்டே இருந்ததைத் தனம் உன்னிடம் உளறியிருக்கிறாள். நீ மாமாவை நேராகக் கேட்டிருக்கிறாய். அவன் உடனே மகளைக் காட்டிவிட்டான். அந்த வாக்கை இன்றைக்கு உடைக்கிறேன். எவனுக்காக அவள் என் காலைப் பிடித்தாளோ அவனே அவளைத் திருடி ஆக்கிய பிறகு நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

கல்யாணம் உன் விருப்பம். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல், நிறம், உயரம், படிப்பு, எதை வேண்டுமானாலும் சொல். திருடி என்று மட்டும் சொல்லாதே. ஒன்று கேட்கிறேன், யோசித்துப் பார். உன் இரண்டாவது சாவியை நம்பி யார் இடுப்பில் வைப்பாய்? ஒருத்தி அந்தப் பரீட்சையை உனக்குத் தெரியாமலேயே எழுதிப் பாஸும் செய்துவிட்டாள். என் போனில் பட்டன்கள் தேய்ந்துவிட்டன, எனக்கும் கண் மங்குகிறது, எட்டும் மூன்றும் சில நாள் ஒன்றாகத் தெரிகின்றன. என் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பர் போடுகிற நாள் வந்துவிட்டது. யார் நம்பர் என்று நான் எழுதமாட்டேன்.

என் மனசில் யார் மேல் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பிரௌசிங் சென்டரில் உன் பெயரில் பொய்ப் பதில் அடித்தவனை விட்டுவிட்டேன், அவன் சொன்னதை அடித்தான். தனம் கல்யாணத்தில் என் புடவையைப் பார்த்துச் சிரித்த ராஜாமணியை அடுத்த வருஷம் மன்னிக்கலாம் என்று இருக்கிறேன். உளறின தனத்தைத் திட்டித் தீர்த்தாகிவிட்டது. சரண்யாவை மன்னிக்க ஒன்றுமில்லை, அவளிடம் நீதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். மிச்சம் ஒரே ஒருவன். கடல் ஊருக்குள் வந்த வருஷம் உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியவன், தன் செருப்பில்லாத காலில் கண்ணாடி ஏறியதைக்கூடச் சாயங்காலம்தான் பார்த்தவன். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும்மாட்டேன். உன் மெயிலைத் திறக்கப் பார்த்தானே, அதைக்கூட ஆசை என்று விட்டுவிடுவேன். தான் செய்ததைப் பெற்ற மகள் தலையில் ஏற்றி, அதற்கு ஆசை என்று பெயரும் வைத்து, அழுதுகொண்டே உன்னிடம் சொன்னானே. நீ அவளைக் கட்டிக்கொள்வாயானால் நிச்சயதார்த்தத்தன்று சபையில் அவன் கையிலிருந்து தாம்பூலத் தட்டை வாங்கிக்கொள்வேன், படம் எடுக்கும்போது சிரிக்கவும் செய்வேன். அந்தப் படத்தை நீ எத்தனை தடவை பார்த்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள். நான் மன்னிக்காதவன் என் தம்பி, உன் தாய்மாமன், கலியபெருமாள்.